நீளம் யாருக்கு? மாருதியும் பெரிய குடும்ப வண்டியும்

மாருதி சுசூகி தனக்கென்று ஒரு பெரிய குடும்ப வண்டி செய்ய வேண்டுமா, வேண்டாமா? வண்டிப் பைத்தியம் பிடித்த நண்பர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் ஒரு சுற்று வந்துவிடும். "செய்யணும்" கட்சி சொல்வது இது: 2018-19இல் இந்தியாவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் மாருதி. இப்போது 40 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அப்பா 800 வாங்கினார், பையன் ஸ்விஃப்ட் வாங்கினான், அடுத்த படி ஏறும்போது மட்டும் இன்னோவா பக்கமோ எக்ஸ்யூவி பக்கமோ போய்விடுகிறான். உச்சியில் ஒரு வண்டி இருந்தால் போகமாட்டான்.

"வேணாம்" கட்சியிடமும் பதில் இருக்கிறது. சின்ன வண்டி செய்வதுதான் அவர்கள் தொழில், பெரிசில் கை வைத்தபோதெல்லாம் சுட்டுக்கொண்டார்கள், எதற்கு வம்பு?

இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் "பெரிய" என்று சொல்கிறோமே, அந்தக் கூடுதல் நீளம் வண்டிக்குள் யாருக்குப் போகிறது என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கேள்வி எனக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு ஏழு பேர் வண்டியில் போனோம். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஏறக்குறைய எல்லா வண்டியிலும் இதே கதைதான். முன்னால் நானும் மச்சானும். நடு வரிசையில் தங்கச்சியும் என் மனைவியும், நடுவில் குழந்தை சீட்டு. கடைசி வரிசையில் அம்மாவும் பெரியம்மாவும், பெரியவனும். ஏன் அம்மா அங்கே போனார்கள்? "நீங்க எல்லாம் காலை நீட்டி உட்காருங்க, நாங்க ரெண்டு பேரும் பின்னால உட்கார்ந்துக்கிறோம்" என்று அவர்களே சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. நடுவில் டீ குடிக்க நிறுத்தினபோது அம்மா இறங்கவில்லை. "கால் வலிக்குதா?" என்றேன். "அதெல்லாம் இல்லப்பா, திரும்ப ஏறணுமே" என்றார்கள். நடு சீட்டை மடக்கி, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, மேலே கையைப் பிடித்து... 68 வயதில் அதை நாளைக்கு நாலு தடவை செய்ய முடியாது. எனவே அவர்கள் டீ குடிக்கவில்லை.

அன்றிலிருந்து எந்த ஏழு பேர் வண்டியின் ரெவ்யூவைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது கடைசி வரிசையைத்தான். பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "மூன்றாவது வரிசை குழந்தைகளுக்குப் போதுமானது." நம் வீடுகளில் அங்கே உட்காருவது குழந்தைகள் மட்டும்தானா?

பழைய கணக்கு

மாருதி மேலே ஏறப் பார்த்த முயற்சிகளை முதலில் பார்ப்போம். 1983 டிசம்பரில் 800 வந்தது. 1990இல் மாருதி 1000. டிக்கி வைத்த செடான், எஞ்சின் 970 சிசிதான். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரும், ஆனால் அன்று அதுதான் அந்தஸ்து. எதிரே கான்டெஸாவும் பிரீமியர் 118 என்இயும் மட்டும் நின்ற காலம். போட்டியில்லாத சந்தையில் ஏறிய படி அது, எனவே அதை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது.

போட்டி வந்த பிறகு நடந்ததுதான் பாடம். பலேனோ செடானை நீட்டி ஆல்டுரா என்று ஒரு எஸ்டேட் கொண்டுவந்தார்கள். குடும்பத்தோடு ஊருக்குப் போகவும் சாமான் ஏற்றவும் நிஜமாகவே நல்ல வண்டி. விற்கவில்லை. மூன்று வரிசை வைத்த கிராண்ட் விட்டாரா எக்ஸ்எல்-7ஐ இறக்குமதி செய்து விற்றுப் பார்த்தார்கள். வி6 பெட்ரோல் எஞ்சின். அதை ரோட்டில் பார்த்தவர்கள் பாக்கியவான்கள்.

2011இல் வந்தது கிசாஷி. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு வரப்போவதன் அறிகுறி என்று பொருள். 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், முழு வண்டியாகவே ஜப்பானிலிருந்து இறக்குமதி, ஆரம்ப விலை 16 லட்சத்துக்கு மேல். ஓட்டிப் பார்த்தவர்கள் பலரும் நல்ல வண்டி என்றே சொன்னார்கள். ஆனால் பெட்ரோல் விலையை 2010இலேயே அரசு கையைவிட்டு விட்டது; டீசல் விலை 2014 வரை கட்டுப்பாட்டில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்த அந்த நேரத்தில் டீசலே இல்லாத ஒரு பெரிய வண்டி. அதே காசுக்கு வேறு கம்பெனிகளின் பெரிய பெயர்கள் ஷோரூமில் நின்றன. சில வருஷத்தில் கிசாஷி சத்தமில்லாமல் போய்விட்டது.

"வேணாம்" கட்சி இங்கேதான் நிறுத்திக்கொள்ளும். பார்த்தீர்களா, மாருதி பெயரை வைத்துக்கொண்டு பெரிய வண்டி விற்க முடியாது! நான் நிறுத்தமாட்டேன். இதே வரிசையில் இன்னொரு வண்டி இருக்கிறது. அதன் கதை வேறு மாதிரி.

வெர்சாவும் ஈகோவும்

2001இல் மாருதி வெர்சா என்று ஒரு வேன் கொண்டுவந்தது. விளம்பரத்தில் அமிதாப் பச்சன், அபிஷேக் பச்சன் இரண்டு பேரும். முன்னால் ஒரு ஏசி, பின்னால் ஒரு ஏசி. உயரமான கூரை, இரண்டு பக்கமும் தள்ளும் கதவு. குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் சொகுசாகப் போகலாம் என்பதுதான் சேதி. விலையும் அந்தச் சொகுசுக்கு ஏற்றபடி. ஜனங்கள் பார்த்தார்கள், "ஆம்னியைக் கொஞ்சம் பெரிசாக்கி இவ்வளவு காசா?" என்றார்கள், போய்விட்டார்கள்.

2010 ஜனவரியில் அதே உடம்பைக் கொஞ்சம் சீர்செய்து, ஜிகினாவையெல்லாம் கழற்றிவிட்டு, 1.2 லிட்டர் எஞ்சினோடு ஈகோ என்று விட்டார்கள். மலிவு விலை. ஐந்து சீட்டு, ஏழு சீட்டு, சரக்கு, ஆம்புலன்ஸ் என்று எதற்கு வேண்டுமானாலும். 2023 தொடக்கத்தில் ஈகோ 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

வண்டி கிட்டத்தட்ட அதேதான். அந்தஸ்து என்று விற்றபோது போகவில்லை, உபயோகம் என்று விற்றபோது நிற்காமல் போனது. மாருதிக்குப் பெரிய வண்டி ஒத்துவராது என்ற முடிவு இந்தக் கதையில் வரவில்லை. பெரிய வண்டியை அந்தஸ்தாக விற்பதுதான் மாருதிக்கு ஒத்துவரவில்லை.

2012இல் வந்த எர்டிகாவும் இதையே சொல்கிறது. அதை யாரும் உச்சி வண்டி என்று சொல்லவில்லை. ஏழு பேர் போகலாம், ஸ்விஃப்ட் மாதிரி ஓட்டலாம், எந்த ஊரிலும் சர்வீஸ் உண்டு, பிற்பாடு சிஎன்ஜியும் உண்டு. 12 வருஷத்துக்குள் 10 லட்சம். டாக்ஸிக்காரர்களும் வாங்கினார்கள், கூட்டுக் குடும்பங்களும் வாங்கினார்கள்.

டாக்ஸி ஆகிவிட்டால் மதிப்பு போய்விடும் என்று ஒரு பயம் உண்டு. இன்னோவாவைப் பார்த்தால் அந்தப் பயம் போகும். டொயோட்டா 2000இல் குவாலிஸ் விட்டது. பார்க்க ஒரு டப்பா. நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்திவிட்டு 2005இல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். அது டாக்ஸி ஸ்டாண்டில் நின்றுதான் பெயர் வாங்கியது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் உடையவில்லை என்று டிரைவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை நம்பி டாக்டர்களும் வக்கீல்களும் மில் முதலாளிகளும் வாங்கினார்கள். எதிர்த் திசையில் போனது டாடாவின் ஆரியா. 2010இல் வந்தது, பெரிய வண்டி, உள்ளே இடமும் தாராளம். ஆனால் தொடக்கத்திலேயே உச்சி விலை. நம்பிக்கை சேரும் முன்பே அந்தஸ்துக்குக் காசு கேட்டதால், எடுபடவில்லை.

ஒரே வண்டி, இரண்டு பெயர்

"இப்போதான் மாருதியிடம் இன்விக்டோ இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2023 ஜூலையில் வந்தது, 25 லட்சத்தை ஒட்டி ஆரம்பம். ஆனால் அது மாருதி செய்த வண்டி இல்லை. டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸை பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் செய்து, முகத்தை மாற்றி, மாருதிக்குக் கொடுக்கிறார்கள். பதிலுக்கு எர்டிகா அங்கே போய் ரூமியன் என்ற பெயரில் விற்கிறது. நம் ஊரில் பண்ணும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஏற்பாடு மாதிரி.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஜப்பானிலேயே சுசூகி இப்படித்தான். லாண்டி என்ற பெயரில் அவர்கள் விற்கும் பெரிய குடும்ப வண்டி முன்பு நிசானின் செரீனா; 2022 முதல் டொயோட்டாவின் நோவா. அதாவது சொந்த ஊரிலும் சின்ன வண்டியைத் தானே செய்வார்கள், பெரிய வண்டியைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிக்கொள்வார்கள்.

விளைவு என்ன? ஹைகிராஸ் மாதம் ஆயிரக்கணக்கில் போகிறது. இன்விக்டோ சில நூறு. எஞ்சின் ஒன்று, தொழிற்சாலை ஒன்று. மாருதிக்கு ஷோரூமும் டொயோட்டாவைவிடப் பல மடங்கு அதிகம். ஹைகிராஸ் ஹைப்ரிடுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த நாட்களில்கூட ஜனங்கள் காத்திருந்தார்களே தவிர இந்தப் பக்கம் கூட்டமாக வரவில்லை. நியாயமாகச் சொல்வதென்றால், ஹைகிராஸில் ஹைப்ரிட் இல்லாத விலை குறைந்த வகையும் உண்டு, இன்விக்டோவில் கிடையாது. டொயோட்டா எத்தனை வண்டி கொடுக்கிறதோ அத்தனைதான் மாருதி விற்க முடியும் என்பதும் உண்மை. அதையெல்லாம் கழித்தாலும் இடைவெளி பெரிசு. இன்னோவா என்ற பெயருக்கு 20 வருஷத்து ஓட்டம் பின்னால் நிற்கிறது. இன்விக்டோ என்ற பெயருக்கு அப்படி எதுவும் இல்லை.

கடன் வாங்கிய வண்டி விற்பனைப் பட்டியலில் இருக்கும் ஓட்டையை அடைக்கும், அவ்வளவுதான். "இது எங்க வண்டி, எங்க வாடிக்கையாளர் வீட்டைப் பார்த்துச் செய்தோம்" என்று சொல்லிக்கொள்ள அதில் எதுவும் இருக்காது.

360 மில்லிமீட்டர் எங்கே போனது?

இப்போது நீளத்துக்கு வருவோம். 2025 வரை விற்ற எர்டிகா 4395 மிமீ. இன்விக்டோ 4755 மிமீ. வித்தியாசம் 360 மிமீ, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. விலை வித்தியாசம் பத்து லட்சத்துக்கு மேல். ஏழு பேரும் உட்கார்ந்திருக்கும்போது டிக்கியில் எவ்வளவு இடம் மிச்சம்? எர்டிகாவில் 209 லிட்டர். இன்விக்டோவில் 239 லிட்டர். வித்தியாசம் 30 லிட்டர், பள்ளிக்கூடப் பை ஒன்றோ ஒன்றரையோ வைக்கலாம். ஏழு பேர் கல்யாணத்துக்குப் போனால் இரண்டு வண்டியிலும் பெட்டி கூரைக்கு மேலேதான்.

கூடுதல் நீளத்தில் ஒரு பகுதி கடைசி வரிசைக்கும் போயிருக்கிறது, மறுக்கவில்லை. ஹைகிராஸின் மூன்றாவது வரிசை இந்தப் பிரிவின் பல வண்டிகளைவிட மேல். ஆனால் பெரிய பங்கு போனது நடு வரிசைக்கு. உச்சி வகை ஹைகிராஸில் நடு சீட்டில் சாய்ந்து காலை நீட்டிப் படுக்கலாம். விளம்பரமும் அதைத்தான் காட்டுகிறது. அங்கே உட்காருபவர் வண்டிக்குக் காசு கொடுத்தவர், அல்லது அவருடைய முதலாளி.

இந்தப் புத்தி மாருதிக்கும் வந்துவிட்டது என்பதற்குச் சாட்சி எக்ஸ்எல்6. 2019இல் எர்டிகாவின் அதே உடம்பை எடுத்து, நெக்ஸா ஷோரூமுக்கு ஏற்றபடி அலங்கரித்தார்கள். நடு வரிசையில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சை எடுத்துவிட்டு இரண்டு தனி சீட்டு. ஒரு ஆள் உட்காரும் இடத்தைக் குறைத்து, விலையைக் கூட்டி, பிரீமியம் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு சீட்டுக்கு நடுவே குழந்தைகள் பின்னால் போய்வர ஒரு சந்து கிடைத்தது, அது லாபம்தான். ஆனால் விற்பனையில் எக்ஸ்எல்6 எர்டிகாவின் பக்கத்தில்கூட வரவில்லை. வாங்குபவர்கள் விவரமானவர்கள்.

ஒரு கம்பெனி "பெரிய குடும்ப வண்டி" என்று சொல்லும்போது குடும்பத்தில் யாரை நினைக்கிறது என்பதை வரைபடத்தில் அளந்தே சொல்லிவிடலாம்.

வரி மாறிவிட்டது

"செய்யணும், ஆனா வரி இடிக்குது" என்பது பழைய சாக்கு. 2006 பட்ஜெட்டில் தொடங்கிய நாலு மீட்டர் கோடு இந்திய வண்டிகளின் உருவத்தையே மாற்றியது. நாலு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு. அதற்காக டிக்கியை வெட்டிய செடான்கள்கூட வந்தன. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் கோடு அப்படியே நின்றது, மேலே படிப்படியாக செஸ் ஏறியது. சின்ன பெட்ரோல் வண்டிக்கு 29 சதவீதம், எர்டிகா அளவுக்கு 45, பெரிய எஸ்யூவிக்கு 50.

2025 செப்டம்பர் 22 முதல் இது எளிமையாகிவிட்டது. நாலு மீட்டருக்குள், பெட்ரோலில் 1200 சிசி வரை, டீசலில் 1500 சிசி வரை என்றால் 18 சதவீதம். அதைத் தாண்டினால் எல்லாம் 40. செஸ் கிடையாது.

இதைச் சின்ன வண்டிக்குக் கிடைத்த வெற்றி என்றுதான் எல்லோரும் படித்தார்கள். சரிதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முன்பு கோட்டைத் தாண்டிய பிறகும் படிகள் இருந்தன. பெரிதாக ஆக ஆக வரி விகிதமும் ஏறியது. இப்போது 4.4 மீட்டர் வண்டிக்கும் 4.8 மீட்டர் வண்டிக்கும் ஒரே 40. எர்டிகாவுக்கு 5 புள்ளி குறைந்தபோது பெரிய எஸ்யூவிக்கு 10 புள்ளி குறைந்தது. கோட்டைத் தாண்டிவிட்ட வண்டியை இன்னும் கொஞ்சம் நீட்டினால் விகிதம் ஏறாது. கடைசி வரிசைக்கு ஒரு சாண் இடம் கூட்டிக் கொடுக்க வரி இனிமேல் தடையில்லை.

எஞ்சின்தான் நிஜமான தடை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது மாருதி டீசலை மொத்தமாக விட்டுவிட்டது. ஏழு பேரும் சாமானும் ஏறின வண்டிக்குக் கீழ் வேகத்திலேயே இழுவை வேண்டும். டீசல் அதைக் கொடுக்கும். எர்டிகாவின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தட்டை ரோட்டில் சமத்து, மலை ஏறும்போது மூச்சு வாங்கும். அதையே இன்னும் கனமான வண்டிக்குப் போட முடியாது. மிச்சம் இருப்பது ஹைப்ரிட், அல்லது மின்சாரம். மின்சார வண்டிக்கு எந்த அளவானாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மாருதியின் இ-விட்டாரா குஜராத்தில் ஹன்சல்பூரில் செய்யப்படுகிறது. ஆனால் ஐந்து சீட்டு. ஏழு சீட்டு மின்சார வண்டியில் கியா முந்திக்கொண்டது. மின்சாரத்தில் ஒரு சங்கடம் உண்டு: பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரை உயரும், பின்னால் உட்காருபவரின் முழங்கால் இன்னும் மேலே வரும். கூரையை உயர்த்தாமல் இதைச் செய்தால் அம்மாவின் நிலைமை இப்போதைவிட மோசம்.

நட்சத்திரம்

2024 ஜூலையில் குளோபல் என்கேப் வெளியிட்ட சோதனையில் இந்தியாவில் செய்த எர்டிகாவுக்குப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம், குழந்தைப் பாதுகாப்பில் இரண்டு. வண்டியின் கூடு நிலையில்லாதது என்றும் சொன்னார்கள். நாட்டில் அதிகம் விற்கும் ஏழு பேர் வண்டிகளில் ஒன்றுக்கு இந்த நிலை. அதே ஆண்டு நவம்பரில் புது டிசையருக்கு அதே அமைப்பு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. 2025இல் வந்த விக்டோரிஸும் பாரத் என்கேப்பில் ஐந்து வாங்கியது. எர்டிகாவில் ஆறு ஏர்பேக் எல்லா வகைக்கும் 2025இல் வந்துவிட்டது. ஆக, மாருதிக்குத் தெரியாத வித்தை இல்லை. சிறிய டிசையருக்கு முடிந்தது, ஏழு பேர் போகும் வண்டிக்கு ஏன் முதலில் வரவில்லை?

இன்னொரு விஷயம். நேர் மோதல் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன் சீட்டில், குழந்தைப் பொம்மைகள் நடு வரிசையில். மூன்றாவது வரிசையில் யாரும் உட்காருவதில்லை. ஐந்து நட்சத்திரம் என்று ஒட்டியிருக்கும் ஏழு பேர் வண்டியிலும், கடைசி வரிசையில் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இருக்கும் கண்ணாடியைப் பற்றி அந்த நட்சத்திரம் எதுவும் சொல்லாது. சட்டம் கேட்காததைக் கம்பெனி தானாகச் செய்தால்தான் உண்டு.

இதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு வெறும் வண்டிப் பேச்சாகத் தெரியவில்லை. நூற்றில் நாற்பது வண்டி விற்பவர் எப்படிச் செய்கிறாரோ, நாட்டில் அத்தனை குடும்பமும் அப்படித்தான் உட்காரும்.

எதிர்க்கட்சிக்கு

"சின்ன வண்டி விலை குறைஞ்சிருக்கு, பைக்கில் போகும் குடும்பத்தைக் காருக்குள் கொண்டுவருவதுதான் மாருதியின் கடமை, பெரிய வண்டியை மற்றவன் செய்யட்டும்" என்பது எனக்குப் பிடித்த வாதம். மழையில் நாலு பேர் ஒரே பைக்கில் போவதைப் பார்த்தவர் யாரும் இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் பைக்கில் போகும் குடும்பத்திலும் தாத்தா பாட்டி உண்டு, அவர்களுக்குப் பைக்கில் இடமே இல்லை. இன்றைக்கு 15 லட்சத்துக்கும் 25 லட்சத்துக்கும் நடுவே மூன்று வரிசை மாருதி எதுவும் கிடையாது. அந்த இடைவெளியில் காரன்ஸ், அல்கசார், சஃபாரி என்று பலர் நிற்கிறார்கள். அவர்களில் பலரும் எஸ்யூவி உருவத்துக்காகக் கூரையைச் சரித்து, தரையை உயர்த்தி, கடைசி வரிசையைக் காவு கொடுத்தவர்கள். உண்மையான குடும்ப வண்டிக்கு அங்கே இடம் காலியாகத்தான் இருக்கிறது.

"நகரத்துல பார்க்கிங்கே இல்ல, இதுல பெரிய வண்டியா?" இதுவும் சரி. அதனால்தான் 4.8 மீட்டர் வேண்டாம் என்கிறேன். 4.6 போதும். கிசாஷியே 4.65 மீட்டர்தான், அந்த நீளத்தில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். அதே நீளத்தை உயரமான, நேரான உடம்பில் வைத்தால் ஏழு பேர் உட்காரலாம், ஏழு பேரின் பையையும் வைக்கலாம்.

என் முடிவு

செய்யலாம். மாருதியே செய்ய வேண்டும், கடன் வாங்கக்கூடாது. உச்சி வண்டி என்று மட்டும் அதை அழைக்க வேண்டாம்.

அது எர்டிகாவின் அக்காவாக இருக்கட்டும். 4.6 மீட்டர். கூரை உயரமாக, பின்பக்கம் நேராக. தள்ளும் கதவு. ஆம்னியிலும் வெர்சாவிலும் இருந்தது, ஈகோவில் இன்றும் இருக்கிறது. ஜப்பானில் சோலியோ, ஸ்பேசியா போன்ற சின்ன வண்டிகளிலேயே சுசூகி அதைப் போடுகிறது. குறுகிய தெருவில் பக்கத்து வண்டியை இடிக்காமல் வயதானவர் இறங்க அதைவிட நல்ல வழி இல்லை. கடைசி வரிசைக்குத் தனி ஏசி, பிடித்துக்கொள்ள நல்ல கைப்பிடி. ஹைப்ரிட் எஞ்சின், ஏனென்றால் டீசலை விட்டவர்களுக்கு வேறு வழியில்லை. மூன்றாவது வரிசை வரை மறைக்கும் ஏர்பேக், கேட்காமலே. காலை நீட்டும் சாய்வு சீட்டும் கண்ணாடிக் கூரையும் வேண்டியவர்களுக்கு மட்டும் தனிக் காசுக்கு. டாக்ஸிக்காரர் வாங்க வந்தால் முகம் சுளிக்கக்கூடாது. அவர்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுப்பார், குவாலிஸுக்கும் இன்னோவாவுக்கும் கொடுத்த மாதிரி.

விற்குமா? வெர்சா விற்கவில்லையே என்று கேட்கலாம். வெர்சா தோற்றது 2001இல், ஐந்து லட்சமே பெரிய காசாக இருந்த சந்தையில், ஆம்னியின் முகத்தோடு. இன்றைக்கு எர்டிகா 10 லட்சம் வீடுகளில் நிற்கிறது. அந்த வீடுகளில் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வயசாகிவிட்டது. அவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்பதுதான் மாருதி முன்னால் இருக்கும் கேள்வி.

கம்பெனியின் வரைபடக்காரர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனை உண்டு. மாதிரி வண்டி தயாரானதும், ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். 65 வயது தாண்டிய ஒருவரை, சேலையோ வேட்டியோ கட்டியவரை, கடைசி வரிசைக்கு ஏறச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் போங்கள். ஒரு கடையில் நிறுத்தி, "டீ குடிக்கலாமா?" என்று கேளுங்கள். அவர் இறங்கி வந்தால் வண்டி தயார்.